லெய்ய ஆற்றங்கரை வெயில்: பெல்ஜியத்தின் ஒளி ஓவியர்களைப் பார்க்க ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய்: கோர்ட்ரெய்க்

ஓவியம் பார்க்கும் பயணத்தை ஒரு நார் அருங்காட்சியகத்தில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பெல்ஜியத்து லூமினிச ஓவியர்கள், அதாவது வெயிலின் ஒளியையே முதன்மையாக வரைந்தவர்கள், தீட்டிய கிராமத்து மனிதர்களில் பலர் ஆளிச் செடியோடு பாடுபட்டவர்கள். ஆளி என்றால் நம் கடைகளில் ஆளிவிதை என்று விற்கிறதே, அந்தச் செடிதான். அதன் தண்டில் எடுக்கும் நார் லினன் துணியாகிறது. அதன் விதையில் பிழியும் எண்ணெயில்தான் ஓவியர் வண்ணத்தைக் குழைக்கிறார். அப்படியானால் ஆளி வயலில் களை எடுக்கும் பெண்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படத்துக்குத் துணி, எண்ணெய், காட்சி மூன்றும் ஒரே செடி தந்தவை. இதைத் தெரிந்துகொண்டு படத்தின் முன் நின்றால் பார்வையே வேறாக இருக்கும்.

தங்குவதற்குக் கெண்ட் நகரம் வசதி. கோர்ட்ரெய்க், ஆண்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், டெய்ன்ஸ நான்குக்கும் கெண்டின் சிந்த் பீட்டர்ஸ் நிலையத்திலிருந்து நேர் ரயில் உண்டு. ஆண்ட்வெர்ப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், மற்ற மூன்றுக்கும் அதைவிடக் குறைவு. பயணத்தைச் செவ்வாயில் தொடங்கியதற்குக் காரணம், பெல்ஜியத்தில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை.

கோர்ட்ரெய்கின் டெக்ஸ்சர் அருங்காட்சியகம் 2014இல் திறந்தது. 1912இல் கட்டிய பழைய நார்க் கிடங்கு அது. மேலே தங்க நிறத்தில் ஒரு மாடி சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தங்க நிறம் ஆற்றைக் குறிக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் லெய்ய ஆற்றுக்குப் ‘பொன் ஆறு’ என்று பெயர் வந்தது ஆளி நாரால்தான்.

வேலை இப்படி நடந்தது. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ விதைப்பு. செடி கிளை விடாமல் ஒற்றைத் தண்டாக உயர வேண்டும் என்பதற்காக நெருக்கி விதைப்பார்கள், ஏனென்றால் கிளை விட்டால் நார் குட்டையாகிவிடும். ஜூனில் வெளிர்நீலப் பூ பூக்கும். காலையில் விரிந்து நண்பகலுக்குள் இதழ் கொட்டிவிடும், ஆகவே மதியம் போய் வயலைப் பார்த்தால் வெறும் பச்சைதான் தெரியும். விதைத்து நூறு நாள் அளவில் அறுவடை. அரிவாள் போடக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும். நார் வேர்வரை ஓடுவதால், அறுத்தால் அத்தனை நீளமும் வயலில் தங்கிவிடும்.

பிடுங்கிக் காயவைத்து, விதையை உதிர்த்த பிறகு ஊறல் போடுவார்கள். கட்டுகளை மரச்சட்டக் கூடைகளில் நிறுத்தி, மேலே கல் ஏற்றி, ஆற்றில் அமிழ்த்தி வைப்பார்கள். நாரையும் உள்தண்டையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர் தின்ன வேண்டும். சணல் தட்டையை ஊறப்போடுவதும் இதே கணக்குதான். நீரின் சூட்டைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். நாளைப் பார்த்து எடுக்க முடியாது. ஒரு தண்டை எடுத்து ஒடித்து, நார் முழு நீளத்துக்கும் சுத்தமாக உரிகிறதா என்று சோதித்துத்தான் எடுப்பார்கள். முன்கூட்டி எடுத்தால் மரச்சில்லு நாரோடு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு நாள் தவறவிட்டால் நாரே இற்றுப்போகும். லெய்ய மெதுவாக ஓடும் ஆறு என்பதால் கட்டுகளை அடித்துக்கொண்டு போகாது, அதே சமயம் நீர் தேங்கியும் நிற்காது. இங்கே ஊறிய நார் வெளிர்பொன் நிறத்தில் வந்தது.

அந்தப் பொன்னுக்கு ஒரு விலையும் இருந்தது. அழுகல் நீரின் நாற்றம் ஆற்றோரம் முழுதும் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டெய்ன்ஸவிலிருந்து ஆற்று நீரைத் திருப்பி ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெள்ளத்தை வடிப்பதோடு, ஊறல் நீர் கெண்ட் பக்கம் போகாமல் தடுப்பதும் அதன் வேலை. ஊர் மக்கள் அந்தக் கால்வாய்க்கு ‘நாற்றக்காரன்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆற்றில் ஊறல் போடுவது 1943இல் தடைசெய்யப்பட்டது. இன்றைக்குப் பிடுங்கிய செடியை வயலிலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் ஊறவிடுகிறார்கள். அந்த நார் சாம்பல் நிறம்.

அருங்காட்சியகத்தில் நாரைக் கையால் தொட்டுப் பார்க்க விடுவார்கள். விரலால் நீவிப் பாருங்கள். நாளை ஆண்ட்வெர்ப்பில் பார்க்கப்போவதும் இதன் மேல் பூசிய வண்ணத்தைத்தான்.

இரண்டாம் நாள், புதன்: ஆண்ட்வெர்ப்

அரச நுண்கலை அருங்காட்சியகம் ஊரின் தென்பகுதியில் இருக்கிறது, மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் அரை மணி. பதினோரு ஆண்டுப் புதுப்பிப்புப் பணி முடிந்து 2022இல்தான் மறுபடி திறந்தார்கள். போவதற்கு முன் இணையதளத்தில் இரண்டைச் சரிபாருங்கள்: அருங்காட்சியகம் அன்றைக்குத் திறந்திருக்கிறதா, நீங்கள் தேடும் படம் சுவரில் இருக்கிறதா. கடனாக வெளியூர்க் கண்காட்சிக்குப் போன படத்தைத் தேடி அறை அறையாக அலைவதுதான் இந்த வகைப் பயணத்தில் அடிக்கடி நடக்கும் ஏமாற்றம்.

பார்க்க வேண்டியது, பெல்ஜிய லூமினிசத்தின் முதன்மை ஓவியரான எமில் கிளௌஸ் 1887இல் வரைந்த ‘ஆளி வயலில் களையெடுப்பு’. கிளௌஸ் 1849இல் மேற்கு ஃபிளாண்டர்ஸின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா ரொட்டித் தொழில் கற்க பிரான்சின் லீல் நகருக்கு அனுப்பினார், மகனுக்குச் சித்திரத்தில்தான் மனம். கடைசியில் இசையமைப்பாளர் பீட்டர் பெனுவாவுக்குக் கடிதம் எழுதி, அவர் தயவில் ஆண்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆக இது அவர் கைபழகிய ஊர்.

படத்தில் பெண்களும் சிறுமிகளும் வரிசையாக மண்டியிட்டு நகர்கிறார்கள். ஆளி வயலில் ஏன் நின்று குனியாமல் மண்டியிட வேண்டும்? செடி கைவிரல் உயரத்துக்கு வந்ததும் களையெடுக்க வேண்டும். அப்போது தண்டு இளசு, முழங்காலில் நசுங்கினாலும் மறுநாள் நிமிர்ந்துகொள்ளும். காலால் மிதித்தாலோ, இன்னும் பத்து நாள் கழித்து இறங்கினாலோ ஒடிந்துபோகும். அதோடு காற்று அடிக்கும் திசையை எதிர்த்துத்தான் வரிசை நகரும், படுத்த செடியைப் பின்னால் வரும் காற்று தூக்கிவிடட்டும் என்று. நாள் முழுக்க எதிர்க்காற்றில், ஈரமண்ணில், முழங்காலில். அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் முகம் வைத்திருப்பதை அழகுக்காகச் செய்த அமைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வயல் வேலையே அப்படித்தான்.

இந்தப் படத்தில் வெளிச்சம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒப்பிட வேண்டும். உருவங்களின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கிறது. தூரிகைத் தடம் முகத்தில் அடங்கியும் செடியில் எழும்பியும் நிற்கிறது. நிழலில் இன்னும் பழைய பழுப்பு மிச்சமிருக்கிறது. வெயில் பட்ட துணி வெள்ளையாக இருக்கிறது, ஆனால் வெயிலின் நிறம் இன்னும் அந்த வெள்ளைக்குள் இறங்கவில்லை. இது லூமினிசத்துக்கு முந்திய கிளௌஸ்: பயிற்சி பெற்ற கை, வேலையை அறிந்த கண். பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் பின்னாளைய பளபளப்புக்கு ஓடிவிடுகிறார்கள். அது தவறு என்றே சொல்வேன். உழைக்கும் உடம்பின் பாரத்தை அவர் இவ்வளவு நேர்மையாகப் பின்னால் அதிகம் வரையவில்லை.

நிற்கும் தூரம் பற்றி ஒரு வார்த்தை. முதலில் படத்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள், ஏறக்குறைய நான்கு மீட்டர். பிறகு ஒரு கை தூரத்துக்கு வாருங்கள். நடுவில் நிற்கும் இரண்டு மீட்டர் தூரம் எதற்கும் உதவாது. மேல்விளக்கு வார்னிஷில் பட்டு வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓரடி நகர்ந்தால் போதும், விலகிவிடும்.

மூன்றாம் நாள், வியாழன்: பிரஸ்ஸல்ஸ்

மத்திய ரயில் நிலையத்திலிருந்து மேடேறிப் பத்து நிமிட நடை. பெல்ஜிய அரச நுண்கலை அருங்காட்சியகத்தின் 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் இருக்கிறது ‘லெய்யவைக் கடக்கும் மாடுகள்’, 1899. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம்.

நேற்றைய படத்துக்கும் இதற்கும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. அதற்குள் நடந்தது பாரிஸ். 1889 முதல் 1892 வரை குளிர்காலங்களில் கிளௌஸ் அங்கே தங்கினார், கணநேர ஒளியை வரைந்த பிரெஞ்சு இம்ப்ரஷனிஸ்டுகளின் படங்களை, குறிப்பாக மோனேயின் படங்களை, நேரில் பார்த்துப் படித்தார். திரும்பி வந்தவர் மோனேயைப் போல் உருவத்தைக் கரைத்துவிடவில்லை. மாட்டின் முதுகெலும்பு எங்கே வளைகிறது, நீந்தும்போது மூக்கு எவ்வளவு உயரும் என்பதெல்லாம் துல்லியம். தோலின் மேல் விளையாடும் நிறம்தான் புதிது. உருவத்தைக் கட்டிக் காப்பாற்றி நிறத்தை மட்டும் உடைப்பது: பெல்ஜிய லூமினிசத்தை ஒரு வரியில் சொல்வதென்றால் இதுதான். ‘லூமினிசம்’ என்று இணையத்தில் தேடினால் அமெரிக்காவின் ஆற்றோரக் காட்சிகள் முதலில் வரும். அவை அரை நூற்றாண்டு முந்தியவை, தூரிகைத் தடமே தெரியாமல் வழவழவென்று தீட்டியவை. பெயர் ஒன்றுதானே தவிர உறவு கிடையாது.

மாடுகள் எதிர்வெயிலில் வருகின்றன. ஒளி அவற்றுக்குப் பின்னாலிருந்து வருகிறது. எதிர்வெயிலில் உருவத்தின் உட்பகுதி நிழலாகவும் விளிம்பு மட்டும் எரிவதுபோலவும் தெரியும். சாதாரண ஓவியர் அந்த நிழலைக் கறுப்பாலும் பழுப்பாலும் நிரப்பிவிடுவார். கிளௌஸ் ஊதாவும் நீலமும் வைக்கிறார். வெயில் மஞ்சள் என்றால் அதற்கு எதிர்நிறம் ஊதா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைத் தூக்கிக் காட்டும். கறுப்பு வைத்த இடத்தில் இருட்டு கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. நீரலையிலும் இதே விதி. அலையின் வெயில் பக்கம் மஞ்சள் கலந்த வெள்ளை, மறுபக்கம் ஊதா. இடையிடையே கரையின் பச்சை விழுந்து கிடக்கிறது. கை தூரத்தில் பார்த்தால் அலை என்று ஒன்றுமே இல்லை, காற்புள்ளி வடிவில் சிறு சிறு தீற்றல்கள்தான். நான்கு மீட்டர் தள்ளிப் போனால் நீர் நகர்கிறது.

வண்ணம் தீட்டுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பக் கூடாது. மாலையில் விடுதி மேசையில் செய்து பார்க்கக்கூடிய சிறு பயிற்சி இது. இருபதுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் பலகை, பழுப்பு அடிப்பூச்சு இல்லாமல் வெள்ளை அடிப்பூச்சு. வண்ணம் ஏழு போதும்: வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், காட்மியம் ஆரஞ்சு, அலிசரின் சிவப்பு, அல்ட்ராமரின், கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. கறுப்பு டியூபைப் பையிலேயே விட்டுவிடுங்கள். நீர்த்த கோபால்ட் நீலத்தில் அலையின் வளைவை மட்டும் கோடிடுங்கள். முதலில் நிழல்: அல்ட்ராமரினில் கொஞ்சம் அலிசரினும் வெள்ளையும் சேர்த்து, தீற்றலுக்குத் தீற்றல் விகிதத்தை மாற்றி, ஒரே ஊதா திரும்ப வராமல் வையுங்கள். தீற்றல்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் வெள்ளை அடிப்பூச்சு தெரியட்டும். ஓவியம் மூச்சு விடும் இடம் அது. வெயில் கடைசியில்தான் வர வேண்டும்: வெள்ளையில் மஞ்சளும் துளி ஆரஞ்சும் சேர்த்து, கெட்டியாக, ஒரே தொடுகையில்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று. ஈர ஊதாவின் மேல் மஞ்சளை இரண்டு முறை தேய்த்தால் இரண்டும் கலந்து சாம்பல் சேறாகிவிடும், எதிர்நிறங்கள் ஒன்றையொன்று கொன்றுவிடும். ஒரு தீற்றல் வைத்ததும் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த தீற்றலுக்குப் போக வேண்டும், சலிப்பாக இருந்தாலும். இன்னொன்று வெள்ளை. அந்தக் காலத்து ஓவியர் பயன்படுத்திய ஈய வெள்ளை இதமானது, கொஞ்சம் ஒளி ஊடுருவுவது. இன்று கடையில் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை குளிர்ச்சியானது, எதையும் மூடிவிடும் வலு உள்ளது. பழைய அளவில் போட்டால் படம் சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும். பாதி போடுங்கள்.

ஆளிவிதை எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. இருட்டில் வைத்தால் மஞ்சளாகும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஓரளவு வெளுக்கும். இந்தப் படங்களில் நிழலின் நீலம் பச்சைபோலத் தெரிந்தால், ஓவியர் வைத்த நிறமா வயதான வார்னிஷின் மஞ்சளா என்று சந்தேகப்பட வேண்டும். சட்டகத்தின் உள்விளிம்பில் படத்தின் ஓரம் மறைந்திருந்த கீற்று எங்கேனும் தெரிந்தால் அங்கே பாருங்கள். ஒளியையும் தூசியையும் குறைவாகப் பார்த்த இடம் வேறு நிறமாக இருக்கும்.

நான்காம் நாள், வெள்ளி: கெண்ட்

இன்று ரயில் இல்லை. சிந்த் பீட்டர்ஸ் நிலையத்திலிருந்து கால்மணி நடந்தால் சிட்டாடல் பூங்கா, அதற்குள் நுண்கலை அருங்காட்சியகம். பூங்காவிலேயே கிளௌஸுக்கு நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. செய்தவர் அவருடைய மாணவி, சிற்பி இவோன் செரைஸ்.

உள்ளே ‘பனிப்பறவைகள்’, 1891. உறைந்த நீரின் மேல் விளையாடும் கிராமத்துப் பிள்ளைகள். டச்சு மொழியில் மீன்கொத்திக்குப் பெயரே ‘பனிப்பறவை’தான். அந்தச் சொல்லைக் குழந்தைகளுக்குச் சூட்டியிருக்கிறார், தலைப்பிலேயே அன்பு தெரிகிறது. இந்தப் பகுதி 51 பாகை வடக்கே இருப்பதால் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 16 பாகைக்கு மேல் ஏறாது. நிழல் ஆள் உயரத்தைப் போல் மூன்றரை மடங்கு நீளும். பனியின் மேல் அந்த நிழல் நீலமாக விழும், ஏனென்றால் நிழலுக்குள் வெயில் போகாவிட்டாலும் வானத்தின் நீலம் போகும். நிழல் நீலமானது ஓவியரின் கற்பனை என்று நினைக்கிறவர்கள் வெள்ளைச் சுவரில் விழும் காலை நிழலை ஒருமுறை கவனித்துப் பார்க்கட்டும்.

கெண்டில் பிறந்த ஓவியர் ஜென்னி மோன்டிஞி இந்தப் படத்தை இந்த அருங்காட்சியகத்தில் பார்த்துத்தான் கிளௌஸிடம் கற்றுக்கொள்ளப் போனார் என்பார்கள். அவரை ஞாயிற்றுக்கிழமை அவர் வாழ்ந்த ஊரில் சந்திப்போம்.

1904இல் கிளௌஸ், ஹேய்மான்ஸ், ஜார்ஜ் மோரென் முதலிய ஓவியர்கள் ‘வாழ்வும் ஒளியும்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். மோன்டிஞியும் அன்னா டெ வேர்ட்டும் அதில் இருந்தார்கள். வட்டம் பெல்ஜியத்தோடு நிற்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த கொஜிமா டொராஜிரோ கெண்ட் கலைக்கழகத்தில் படித்து 1912இல் முடித்தார். கிளௌஸின் ஒளி அவர் படங்களில் நன்றாகவே இறங்கியது. பிறகு ஐரோப்பிய ஓவியங்களை அவர் தேடி வாங்கிச் சேர்த்த தொகுப்புதான் 1930இல் குராஷிகியில் திறந்த ஓஹாரா அருங்காட்சியகத்துக்கு அடித்தளம்.

மாலையில் ஒரு வேலை: மிதிவண்டி வாடகைக்கு எடுத்து வையுங்கள். நாளைக்குத் தேவை. ரயிலில் ஏற்ற மிதிவண்டிக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாம் நாள், சனி: டெய்ன்ஸ, அஸ்தேன

கெண்டிலிருந்து டெய்ன்ஸ கால்மணி நேரத்துக்குச் சற்று மேல். டெய்ன்ஸ அருங்காட்சியகம் சிறியது, லெய்யக் கரை ஓவியர்களுக்கென்றே இருப்பது. சிற்றூர் அருங்காட்சியகங்கள் காலையில் திறக்காமலும் இருக்கலாம், நேரத்தை முன்னாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு படம்தான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், இங்கே இருக்கும் ‘பீட் அறுவடை’யைத்தான் சொல்வேன். 1890. உயரம் 3.2 மீட்டர், அகலம் 4.8 மீட்டர். உள்ளே நுழைந்ததும் கிட்டே போகாதீர்கள். அறையின் எதிர்ச்சுவர்வரை பின்னால் போய் நில்லுங்கள்.

இது நாம் பொரியல் செய்யும் சிவப்புக் கிழங்கு அல்ல, வயல்களில் விளையும் வெளிர்நிறப் பெருங்கிழங்கு. அக்டோபர், நவம்பரில் எடுப்பார்கள். கடும் உறைபனி விழுவதற்குள் எடுத்தாக வேண்டும். கிழங்குக்குள் இருக்கும் நீர் உறைந்து பிறகு இளகினால் திசு கிழிந்து அழுகத் தொடங்கும். தாமதமானால் மண்ணும் இறுகிவிடும். ஆகவே விவசாயி எப்போதும் காலத்தின் விளிம்பில் நின்றுதான் இந்த வேலையைச் செய்கிறான். படத்தில் கெட்டிப்பட்ட மண்ணிலிருந்து கிழங்கைக் கிளப்புகிறார்கள். முதுகுகள் வளைந்திருக்கின்றன, கைகள் பெரியவை, முகங்களில் குளிர். அவ்வளவு பெரிய துணியில் ராஜாக்களையும் போர்களையும் வரைவதுதான் அன்றைய வழக்கம். அந்த இடத்தை கிளௌஸ் கிழங்கு பிடுங்குகிறவர்களுக்குக் கொடுத்தார்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். இந்தப் படத்தில் பொன்வெயில் கிடையாது. அக்டோபர் கடைசியில் இங்கே நண்பகல் சூரியன் 26 பாகைதான். அதே நாளில் சென்னையில் 64 பாகை இருக்கும். நம் ஊரில் வெயில் தலைமேல் விழுந்து முகத்தை நிழலாக்கும். இங்கே பக்கவாட்டில் வந்து கன்னத்தையும், கிழங்கின் ஒரு பக்கத்தையும், மண்கட்டியின் ஒவ்வொரு முனையையும் தனித்தனியே தொடுகிறது. லெய்யக் கரை ஓவியர்களுக்கு ஒளி ஏன் தீராத பொருளாயிற்று என்பதற்கு இந்தச் சாய்வும் ஆற்றின் ஈரமும்தான் விடை. ஈரக்காற்று வெயிலைச் சிதறவிடும். தூரத்து மரம் வெளிர்நீலமாகும், நிழலின் ஓரம் மழுங்கும்.

பாரிஸ் குளிர்காலங்கள் தொடங்கிவிட்ட நேரத்துப் படம் இது. பழைய கையும் புதிய கண்ணும் ஒரே துணியில் இருக்கின்றன. உருவங்களில் ஆண்ட்வெர்ப்பில் பார்த்த உறுதி, மண்ணில் பிரஸ்ஸல்ஸில் பார்த்த சிதறலின் ஆரம்பம். கிளௌஸ் வறுமையைப் பூசி மெழுகி அழகாக்கினார் என்று ஒரு விமர்சனம் உண்டு. 1900க்குப் பிந்திய பல படங்களுக்கு அது பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். தோட்டமும் பாலமும் பூவும் ஒளியில் மிதக்கும், மனிதர் ஒரு நிறப்புள்ளியாகச் சுருங்கிவிடுவார். இந்தப் படத்தின் முன் நின்று அதைச் சொல்ல முடியாது. 1887 வாக்கில் வரைந்த, இப்போது பெல்ஜிய அரச குடும்பத் தொகுப்பில் உள்ள ‘பிக்னிக்’ படத்திலும் அப்படித்தான். ஆற்றின் அக்கரையில் பணக்காரர்கள் விருந்துண்ண, இக்கரையில் கிராமத்தார் நின்று பார்க்கிறார்கள். நாம் நிற்பது கிராமத்தார் பக்கம்.

அங்கிருந்து அஸ்தேன மிதிவண்டியில் பத்து நிமிடம். கிளௌஸ் 1883இல் இங்கே ஆற்றங்கரை வீடொன்றில் குடியேறி அதற்கு ‘சூரிய ஒளி’ என்று பெயர் வைத்தார். 1924 ஜூனில் இறந்ததும் இங்கேதான், புதைக்கப்பட்டதும் அந்தத் தோட்டத்தில்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் அகதியாக இருந்த ஆண்டுகளில் மட்டும் இந்த ஆற்றைப் பிரிந்து தேம்ஸை வரைந்தார். வீடு இன்றைக்குத் தனியார் குடியிருப்பு. சாலையிலிருந்து பார்க்கலாம், வேலிக்குள் எட்டிப்பார்க்கவோ மணி அடிக்கவோ வேண்டாம். ஆற்றைப் பார்க்க வீடு தேவையில்லை. முதல் நாள் சொன்ன கால்வாய் டெய்ன்ஸவிலேயே பிரிந்துவிடுவதால், அஸ்தேனவைக் கடக்கும் லெய்ய பழைய வளைந்த படுகையிலேயே அமைதியாக ஓடுகிறது.

இரவு டெய்ன்ஸவில் தங்குவது நல்லது. ஞாயிறன்று கெண்டிலிருந்து ரயிலேறி வந்தால் இளவெயில் கைவிட்டுப் போய்விடும்.

ஆறாம் நாள், ஞாயிறு: டெய்ன்ஸவிலிருந்து கெண்டுக்கு

பலர் கெண்டில் தொடங்கி டெய்ன்ஸவுக்கு ஓட்டுகிறார்கள். திருப்பி ஓட்டுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும், டெய்ன்ஸ கெண்டுக்குத் தென்மேற்கே இருக்கிறது. இந்தத் திசையில் போனால் காற்று முதுகில். அதைவிடப் பெரிய காரணம், அதிகாலையில் வடகிழக்கு நோக்கிப் போனால் சூரியன் நேர் எதிரே இருக்கும். கிளௌஸின் எதிர்வெயில் வழி முழுக்கக் கூடவே வரும்.

ஜூன் கடைசியில் சூரியன் ஐந்தரைக்கு உதிக்கும். ஏழு மணிக்கு 11 பாகை உயரம், நிழல் ஐந்து மடங்கு. ஒன்பது மணிக்கு 29 பாகை. அதற்குப் பிறகு புல்வெளி தட்டையாகிவிடும். ஆகவே ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆற்றோரம் இருக்க வேண்டும். மிதிவண்டிப் பாதைகளில் சந்திக்குச் சந்தி எண்பலகை உண்டு. போகவேண்டிய எண்களை வரிசையாகத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் கைபேசி தேவையில்லை. ஆறு வளைந்து வளைந்து போவதால் பாதை எல்லா இடத்திலும் கரையை ஒட்டி வராது.

நீரின் மேல் பனிமூட்டம் இருக்கும் காலை என்றால் மிதிவண்டியை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் இருபது நிமிடம் நில்லுங்கள். முதலில் எல்லாம் சாம்பல் ஊதா. சூரியன் மூட்டத்துக்குள் ஏறும்போது ஆறு வானத்தைவிடப் பிரகாசமாகிவிடும். பிறகு மேய்ச்சலில் நிற்கும் மாட்டின் முதுகில் ஒரு ஆரஞ்சுக் கோடு விழும், மாடு இன்னும் ஊதாவாகவே இருக்கும். புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு: கேமரா இந்த ஊதாவைக் கறுப்பாக்கிவிடும். ஒளியளவை மாட்டின் நிழல் பக்கத்தில் வைத்து அளந்து, அதிலிருந்து ஒரு படி குறையுங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும்.

வழியில் டேர்ல. மோன்டிஞி வாழ்ந்து 1937இல் இறந்த ஊர். வசதியான குடும்பத்தில் பிறந்து, ஓவியத்தையே நம்பி, கடைசிக் காலத்தில் பணமுடையில் இருந்தவர். அவர் வரைந்தவற்றில் மனத்தில் நிற்பவை பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளைகள், விளையாட்டு நேர முற்றம். ஆசிரியரைவிடத் தடிப்பாக வண்ணம் வைக்கிறார். மரத்தின் இலை இடுக்கில் விழும் வெயில் பிள்ளைகளின் மேலாடையில் புள்ளி புள்ளியாக ஓடும். ஓடுகிற குழந்தையை உட்காரவைத்து வரைய முடியாது என்பதால் முகத்தை முழுதாகத் தீட்ட அவர் முயலவில்லை. சாய்ந்த தோள், காற்றில் எழும்பிய பாவாடை, இரண்டு தீற்றல் வெயில். குழந்தை ஓடுகிறது.

இதே ஊரில் 1968இல் திறந்த டோண்ட் டானென்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, ஓவியர் குஸ்தாவ் டெ ஸ்மெட் இறுதிக்காலத்தில் வாழ்ந்த வீடும் இருக்கிறது. டெ ஸ்மெட் இளமையில் லூமினிசப் பாணியில் வரைந்தவர். போருக்குப் பிறகு சக ஓவியர்களான பெர்மெக்கையும் வான் டென் பெர்ஹேயையும் போல மண் நிறத்துக்கும் கனத்த உருவத்துக்கும் போய்விட்டார். பக்கத்து ஊரான லாதெமில் சிற்பி ஜார்ஜ் மின்னெயும் ஓவியர் வான் டெ வூஸ்டைனும் அதற்கும் முன்பே கிளௌஸின் வெயிலிலிருந்து விலகி அகத்தைத் தேடியவர்கள். போர் முடிந்து கிளௌஸ் லண்டனிலிருந்து திரும்பியபோது அவர் ஒளி பழசாகிவிட்டது என்றார்கள். லாதெம் வழியே ஓட்டும்போது இது நினைவில் இருக்கட்டும், ஐந்து கிலோமீட்டருக்குள் மூன்று தலைமுறை ஒன்றையொன்று மறுத்த இடம் இது.

கெண்டை நெருங்கும்போது அஃப்ஸ்னே. கரையோரம் சிறிய பழைய தேவாலயம், அதன் நிழல் நீரில். அன்னா டெ வேர்ட் தன் ஓவியக்கூடத்தை வைத்திருந்தது இந்த ஊரில்தான். கிளௌஸிடம் கற்றவர், ஆனால் மனிதரைவிடத் தோட்டமும் நீரும் பழமரப் பூவும் அவருக்கு நெருக்கம். ஆசிரியரின் எதிர்வெயிலைவிட, இலைக்கூட்டத்துக்குள் வடிகட்டி இறங்கும் வெயிலை அவர் நன்றாகப் பிடித்தார். கோடையில் அக்கரைக்கு ஒரு சிறு படகு ஓடும், மிதிவண்டியையும் ஏற்றிக்கொள்வார்கள்.

தேவாலயத்துக்கு எதிரே புல்லில் உட்காருங்கள். பதினோரு மணி வெயிலில் நிழல் குறுகிவிட்டது, நீர் வெறும் வானத்தைக் காட்டுகிறது. கெண்ட் நிலையம் இங்கிருந்து அரை மணிக்குள்தான். மிதிவண்டியை ஒப்படைக்க அவசரம் இல்லையென்றால் மாலை எட்டு மணிவரை இங்கேயே இருங்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்தாகும். அந்த இரண்டு மணி நேரம் வடமேற்கிலிருந்து வரும் வெயிலில், காலையில் பார்த்த அத்தனை விளிம்பும் மறுபக்கம் எரியத் தொடங்கும்.